2013ல் ஜூரோங்கில் பனி கொட்டியதாமே, சிங்கப்பூரில் பனி பெய்யுமா?

ஜூன் 25 அன்று விழுந்தது பனி இல்லை, ஆலங்கட்டி. நான்கு நாள் முன்புதான் புகைமூட்டம் காற்று மாசுக் குறியீட்டில் 401 வரை போய் எல்லாரையும் வாட்டியிருந்தது, அதனால் அந்த மழையே பெரிய ஆறுதல். சரி, பனி ஏன் வராது? நம் தலைக்கு மேல் சுமார் 5 கிலோமீட்டரில்தான் காற்று 0 டிகிரிக்கு இறங்குகிறது. அங்கே உருவாகும் பனித்துகள் கீழே வருவதற்குள் உருகி மழையாகிவிடும் (இங்கே கொட்டும் இடிமழையில் நிறைய அப்படி உருகியதுதான்). ஆலங்கட்டியோ இடிமேகத்துக்குள் மேலெழும் காற்றில் தூக்கப்பட்டு, மேலே மேலே தண்ணீர் ஒட்டி உறைந்து கனத்துப்போய், படு வேகமாக விழுவதால் அபூர்வமாக உருகாமலே தரையைத் தொட்டுவிடுகிறது. இங்கே பதிவான கடும் குளிரே 19 டிகிரியை ஒட்டித்தான், பனி பெய்ய வழியே இல்லை.