வினாப்பட்டியல் பையிலேயே இருக்கட்டும்

கேள்வி: சிவகங்கைப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். 30 மாணவர்கள், ஒரே பருவம். கண்மாய்ப் பாசனம் பற்றி ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆய்வு செய்யப் பழக்க வேண்டும். போன வருடம் வினாப்பட்டியலோடு போனோம்; "எத்தனை பேர்தான் இதையே கேட்பீங்க?" என்று சலித்துக்கொண்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர்கள் சலித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. கேள்வியை வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டு, பதிலுக்கு மட்டும் ஊருக்குப் போனால் அது கூட்டு ஆய்வு ஆகாது.

பருவம் தொடங்குமுன் மாணவர்கள் இல்லாமல் நீங்கள் மட்டும் இரண்டு மூன்று முறை போய்வாருங்கள். நீர்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவர்), மகளிர் குழுப் பெண்கள், கடைமடை விவசாயி எல்லோரிடமும் "உங்களுக்கு எது தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். 'வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய்) எங்கே அடைபட்டிருக்கிறது, யாரிடம் மனு கொடுப்பது' என்று சொல்வார்களானால் அதுதான் உங்கள் ஆய்வுத் தலைப்பு. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். கண்மாய் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மாணவர்கள் தேடிக் கொடுத்தாலே ஊருக்கு உபயோகம்.

அப்புறம் களம். ஊர்க்காரர்களே தங்கள் ஊர் நிலையை அலசிப் பார்க்கும் பி.ஆர்.ஏ. (Participatory Rural Appraisal) முறையில் கண்மாயைத் தரையில் வரையச் சொல்லுங்கள்; கோலப்பொடி, செங்கல்தூள், வேப்பிலை போதும். குச்சியை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது இந்த முறையைப் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸ் விடாமல் வலியுறுத்தியது. நம் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம்: ஒரு நிமிடம் யாரும் பேசாவிட்டால் குச்சியைப் பிடுங்கித் தாங்களே வரைய ஆரம்பித்துவிடுவார்கள். வகுப்பிலேயே ஒருவர் வரைய மற்றவர் வாய் திறக்காமல் பார்க்கும் பயிற்சி கொடுங்கள்.

ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள். ஊர் மந்தையில் கூட்டம் போட்டால் காலனிக்காரர்கள் ஓரமாகத்தான் நிற்பார்கள், பெண்கள் வரவே மாட்டார்கள். அவரவர் தெருவில், வேலை முடிந்து வந்த சாயங்கால நேரத்தில் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். காலை பத்து மணி என்பது கல்லூரிப் பேருந்துக்குத்தான் வசதி. மடை எங்கே என்பதில் எல்லாப் படமும் ஒத்துப்போகும். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதில் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அங்கேதான் மாணவர்கள் தோண்ட வேண்டும்.

"இதனால எங்களுக்கு என்ன வரும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். திட்டம், நிவாரணம் எதுவும் வராது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கையெழுத்து கேட்டால் பயப்படுவார்கள். ஒப்புதல் படிவத்தைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டி, வாய்மொழிச் சம்மதம் போதுமா என்று உங்கள் கல்லூரியின் அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் களக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். கடைசி இரண்டு வாரங்களைக் காலியாக வையுங்கள்: அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் ஊரில் வாசித்து, அவர்கள் தப்பு என்று சொல்வதைத் திருத்த அவ்வளவு நாள் பிடிக்கும்.