மறுநாள் காணாமல் போன படிகள்

பாட்டியின் பழைய படத்தை ஃபோட்டோஷாப்பில் சரிசெய்து சேமித்தும், மறுநாள் திறந்தபோது, செய்த படிகளைக் காட்டும் ஹிஸ்டரி பட்டியல் காலியாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் தவறு எதுவுமில்லை. கோப்பை மூடியதும் அந்தப் பட்டியல் அழிந்துவிடும். திறந்திருக்கும்போதும் வழக்கமாகக் கடைசி 50 படிகளே நிற்கும்.

இனி படிகள் பதிவாக, பிரிஃபரன்சஸில் (அமைப்புகளில்) 'ஹிஸ்டரி லாக்' என்பதை இயக்கி, 'டெக்ஸ்ட் ஃபைல்', 'டீட்டெயில்டு' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கொடுத்த அளவுகள் உட்பட ஒவ்வொரு படியும் உரைக்கோப்பில் பதிவாகும். ஆனால் தூரிகையை எங்கே ஓட்டினீர்கள் என்பது அதில் வராது. கீறல்களை மறைக்கும் வேலையில் அதுதானே முக்கியம்! அதனால் அந்த வேலையைத் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் அடுக்கில்) செய்து, 'இடக்கன்னக் கீறல்' என்பதுபோல் பெயரிடுங்கள். வெளிச்சம், நிறத்துக்கு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (மூலப்படத்தைத் தொடாமல் மாற்றத்தை மட்டும் வைத்திருக்கும் அடுக்கு) போதும். லேயர்களைக் காக்கும் ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பாகச் சேமித்தால், அதில் கொடுத்த எண்கள் அப்படியே இருக்கும். நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன்.