சொந்த அளவில் ஒரு வேட்டைத் துப்பாக்கி: பணம் எங்கே போகிறது, எங்கே போக வேண்டும்?

கேள்வி: ஐயா, நான் உரிமம் பெற்று, பருவந்தோறும் மான், காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்பவன். என்னிடம் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான போல்ட் ஆக்ஷன் ரைபிள் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 100 முதல் 250 மீட்டருக்குள்தான் சுடுகிறேன். என் உடலளவுக்கும் தேவைக்கும் ஏற்ற துப்பாக்கி ஒன்றைச் செய்துகொள்ள ஆசை. உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் செலவு குறையுமா, அல்லது முழுத் துப்பாக்கியாகவே வாங்கிவிடுவது நல்லதா? குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: விலைகள் நாட்டுக்கு நாடு மாறும்; வரியும் இறக்குமதிச் செலவும் அவற்றை மேலும் மாற்றும். ஆனால் உறுப்புகளின் விலைகளுக்கு இடையே உள்ள விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே கடையில் கிடைக்கும் ஒரு தரமான தொழிற்சாலைத் துப்பாக்கியின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதை ஒட்டியே தோராயமாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் விலையை அந்த 100-க்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தால் கணக்கு கையில் கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கிச் செய்வதாக வைத்துக்கொள்வோம். தனித் தயாரிப்பாளர்கள் கடைந்து தரும் ஆக்ஷன் மட்டுமே 100 முதல் 150 வரை ஆகும். அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டும் அதைத் தாங்கும் உடலும் சேர்ந்தே ஒரு முழுத் தொழிற்சாலைத் துப்பாக்கியின் விலையைத் தொட்டுவிடும். நல்ல எஃகுக் குழல் ஒன்றுக்கு 40, அதற்குச் சேம்பர் (தோட்டா அமரும் அறை) வெட்டி, மரை கடைந்து, வாய்முனையைச் சீராக்கி ஆக்ஷனில் பொருத்தும் கூலிக்கு இன்னொரு 40. கண்ணாடி இழையால் செய்த ஸ்டாக்குக்கு (தோளில் ஊன்றும் கட்டை) 60 முதல் 90, அதில் ஆக்ஷனைப் பதித்து அமர்த்தும் பெட்டிங் வேலைக்கு 20, ட்ரிகருக்கு 20, தோட்டாப் பெட்டிக்கும் அடிப்பகுதி உலோகத்துக்கும் 20 முதல் 30, ஸ்கோப்பைத் தாங்கும் தளத்துக்கும் வளையங்களுக்கும் 20 முதல் 30, மேற்பூச்சுக்கு 20 முதல் 40. கூட்டிப் பார்த்தால் 340-இல் தொடங்கி 450-ஐத் தாண்டும். பெயர்பெற்ற பட்டறையிலிருந்து முழுத் துப்பாக்கியாக வாங்கினால் 450 முதல் 800 வரை கேட்பார்கள். எஃகுக் குழலுக்குப் பதிலாகக் கார்பன் இழை சுற்றிய குழலைக் கேட்டால், குழலின் விலை மட்டும் இரு மடங்காகும்.

இந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, தனித்தனியாக வாங்குவதே லாபம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பட்டறைக்காரர் வாங்கும் கூடுதல் தொகைக்கு ஒரு பொருள் உண்டு: துப்பாக்கி சரியாகச் சுடவில்லை என்றால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு முழுவதும் அவருடையது. நீங்களே உறுப்புகளைத் தேடி வாங்கித் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்தால், குழல் செய்தவர் கம்மியரைக் காட்டுவார், கம்மியர் ஸ்டாக்கைக் காட்டுவார், இடையில் நிற்பவர் நீங்கள். தவிர, தவறான உறுப்பை வாங்கி மாற்றுவதும், அஞ்சல் செலவும், ஒவ்வொரு உறுப்புக்கும் காத்திருப்பதும் சேர்ந்து அந்த இடைவெளியில் பாதியை விழுங்கிவிடும். உறுப்புகளைச் சேர்ப்பதிலேயே ஒருவருக்கு மகிழ்ச்சி என்றால் அது வேறு. செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, உங்கள் தேவைக்கு வருவோம். குண்டுகள் விழும் வட்டத்தின் அகலத்தை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவால் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சொல்வார்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர், 250 மீட்டரில் 7.3 சென்டிமீட்டர். ஒரு எம்.ஓ.ஏ.-க்குள் சுடும் என்று உத்தரவாதம் தரும் தொழிற்சாலைத் துப்பாக்கிகள் இன்று பல உள்ளன. அப்படிப்பட்ட துப்பாக்கியிலிருந்து வரும் குண்டு, 250 மீட்டரில் வட்டத்தின் மையத்திலிருந்து அதிகபட்சம் 3.6 சென்டிமீட்டர் விலகும். அரை எம்.ஓ.ஏ. சுடும் விலையுயர்ந்த துப்பாக்கியில் இந்த விலகல் 1.8 சென்டிமீட்டர். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. நான்கு மடங்கு பணம் கொடுத்து நீங்கள் வாங்குவது, அந்தத் தூரத்தில், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான முன்னேற்றத்தையே. மூச்சு வாங்க மேடேறி வந்து, முழங்காலில் ஊன்றிச் சுடும்போது கை ஆடும் ஆட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே, துல்லியத்துக்காக மட்டும் என்றால் உங்களுக்குத் தனியாகச் செய்த துப்பாக்கி தேவையில்லை. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் துல்லியம் மட்டுமே காரணம் அல்ல. இடக்கைப் பழக்கம் உள்ளவர், கை மிக நீளமாகவோ குட்டையாகவோ உள்ளவர், தோளில் அடிபட்டுப் பின்னுதைப்பைத் தாங்க முடியாதவர், மலையேறி வேட்டையாடுவதால் ஒவ்வொரு நூறு கிராமையும் கணக்குப் பார்ப்பவர் ஆகியோருக்குக் கடையில் இருப்பது பொருந்தாமல் போவது இயல்பே. நீங்களும் "என் உடலளவுக்கு" என்றே எழுதியிருக்கிறீர்கள். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தோட்டா இல்லை என்பதைச் சேம்பரைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, வேட்டைக்கு அணியும் தடித்த மேலங்கியுடன் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துங்கள். கன்னம் கட்டையில் இயல்பாகப் படிந்த பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் முழு வட்டமும் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிந்தால், உங்கள் துப்பாக்கி ஏற்கெனவே உங்களுக்குப் பொருந்துகிறது. தலையைத் தூக்கியோ கழுத்தை நீட்டியோ தேட வேண்டியிருந்தால், முதலில் ஸ்கோப்பை முன்பின்னாக நகர்த்திப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் மாற்ற வேண்டியது ஸ்டாக்கை, முழுத் துப்பாக்கியை அல்ல.

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் நடுவழி இருக்கிறது. உங்கள் கையிலுள்ள ஆக்ஷன் பழுதில்லாமல் இருந்தால் அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். 1962-இல் வெளிவந்த ரெமிங்டன் 700 போன்ற பரவலான ஆக்ஷன்களுக்கு ஸ்டாக்கும் ட்ரிகரும் தளமும் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1898-ஆம் ஆண்டின் மௌசர் வடிவமைப்பில் வந்த ஆக்ஷன்கள்மேல் இன்றும் புதுத் துப்பாக்கிகள் கட்டப்படுகின்றன. புதுக் குழல், அதைப் பொருத்தும் கூலி, பெட்டிங் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 100. ஆக்ஷனின் முகப்பையும் போல்ட் பற்களையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவரும் வேலையைச் சேர்த்தால் 125. புது ஸ்டாக்கும் வேண்டும் என்றால் 200-க்கு அருகில். தனியாகச் செய்த துப்பாக்கி தரும் பயனில் பெரும்பகுதி, ஏறத்தாழ பாதிச் செலவில் கிடைத்துவிடுகிறது.

குழலுக்கும் அதைப் பொருத்துபவரின் கைவேலைக்கும் கொடுக்கும் பணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சேம்பர், குழலின் அச்சோடு சற்றுக் கோணினாலும், உலகின் மிகச் சிறந்த குழல்கூடச் சாதாரணமாகவே சுடும். மேலும், தோட்டா சேம்பரில் அமரும் இடைவெளியை அளவுக்கருவிகள் கொண்டு சரிபார்ப்பது உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. வீட்டு மேசையில் பழகிப் பார்க்கும் வேலை அல்ல. பெட்டிங் சரியாக உள்ளதா என்பதை மட்டும் நீங்களே ஓரளவு பார்க்கலாம். வெற்றுத் துப்பாக்கியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, குழலும் கட்டையும் சேரும் இடத்தில் விரல்நுனியை வைத்து, முன் திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். குழல் கட்டையிலிருந்து துள்ளி விலகுவது விரலுக்குத் தெரிந்தால், திருகாணி இதுவரை ஆக்ஷனை வளைத்துப் பிடித்திருந்தது என்று பொருள். அப்படி இருந்தால் புதுக் குழலைப் பற்றி யோசிப்பதற்கு முன் 20 செலவழித்துப் பெட்டிங் செய்து பாருங்கள். பல துப்பாக்கிகளின் குறை அதோடு தீர்ந்துவிடும்.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதும் செலவுதான், ஆனால் அது ஆண்டுதோறும் வரும் செலவு. 1952 முதல் புழக்கத்தில் உள்ள .308 எங்கும் கிடைக்கும். அதன் குழல் பல ஆயிரம் குண்டுகள் வரை வேட்டைக்குத் தேவையான துல்லியத்தை இழக்காது. 2007-இல் அறிமுகமான 6.5 கிரீட்மோர் பின்னுதைப்புக் குறைவானது, தூரத்துக்கு ஏற்றது. ஆனால் அதன் குழலின் ஆயுள் .308-ஐவிடக் குறைவு. மருந்து அதிகம் கொண்ட பெரிய மேக்னம் தோட்டாக்கள் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குண்டுகளிலேயே குழலின் தொண்டையை (சேம்பருக்கு அடுத்த பகுதியை) தின்றுவிடக்கூடும். கடையில் விற்காத அபூர்வத் தோட்டாவுக்குக் குழல் செய்துகொண்டால், தோட்டாவை நீங்களே நிரப்ப வேண்டும். அதற்கான அச்சும் கருவிகளும் தனிச் செலவு. 250 மீட்டருக்குள் மானும் பன்றியும் வேட்டையாடும் ஒருவர் .308-ஐ விட்டு விலக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்கோப்புக்கு வருகிறேன். துப்பாக்கிக்கு எவ்வளவோ அவ்வளவு ஸ்கோப்புக்கும் செலவிட வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதுண்டு. தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு அது நல்ல அளவுகோல். 450-க்குச் செய்த துப்பாக்கிக்கு அதைப் பிடித்துக்கொண்டால் வீண்செலவு. உங்கள் தூரத்துக்கு 80 முதல் 150 போதும். அதற்குமேல் கொடுப்பது பெரும்பாலும் அந்தி வெளிச்சத்தின் கடைசிச் சில நிமிடங்களுக்காகவும், குறியை மாற்றும் திருகிகளைத் திருப்பித் தொலைதூரம் சுடும் வசதிக்காகவும்தான். காட்டுப்பன்றி அந்தியில் வெளிவருவதால் முதலாவது உங்களுக்கு உண்மையாகவே பயன்படலாம், இரண்டாவது பயன்படாது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42 மில்லிமீட்டர் கண்ணாடியை 6 மடங்கில் வைத்தால் 7 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்பாவை ஏறத்தாழ அந்த அளவுக்கு விரியும். வயது ஏற ஏற 5 மில்லிமீட்டரை ஒட்டிச் சுருங்கும். ஆகவே 56 மில்லிமீட்டர் கண்ணாடி எல்லோருக்கும் கூடுதல் வெளிச்சம் தந்துவிடாது. கூடுதல் எடையையும் உயரமான வளையங்களையும் மட்டும் நிச்சயம் தரும். 30 அல்லது 34 மில்லிமீட்டர் உடற்குழாய் அதிக வெளிச்சம் தரும் என்பதும் பரவலான தவறான நம்பிக்கை. அது தருவது பெரும்பாலும் திருகிகளுக்கான கூடுதல் சரிசெய்யும் தூரம்தான். தொலைதூரத்துக்கான பெரிய ஸ்கோப்புகள் ஒரு கிலோவைத் தொடும். நாள் முழுவதும் தோளில் சுமப்பவருக்கு 3 முதல் 9 அல்லது 2 முதல் 12 மடங்கு வரையிலான, அரைக் கிலோவை ஒட்டிய ஸ்கோப்பே உகந்தது. வளையங்களில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். திருகாணிகளைத் தயாரிப்பாளர் குறித்த இறுக்கத்துக்கு, அளவுச்சாவி கொண்டு முடுக்குங்கள். குறி மாறிக்கொண்டே இருக்கிறது என்று பழிபோடப்படும் ஸ்கோப்புகளில் பலவற்றின் உண்மைக் குற்றவாளி தளர்ந்த தளமே.

பட்டியலில் யாரும் எழுதாத செலவு பயிற்சித் தோட்டா. இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டி 4 முதல் 6 வரை ஆகும்; ஆண்டுக்கு இருநூறு சுட்டால் 40 முதல் 60. இரண்டு ஆண்டுகளில் ஒரு துப்பாக்கியின் விலை. துப்பாக்கிக்கே கைப்பணம் முழுவதையும் கொட்டிவிட்டுப் பயிற்சிக்குப் பணமில்லாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சரியாகப் படாத குண்டின் துன்பத்தை அனுபவிப்பது விலங்கு. முன்னால் சொன்ன நடுவழியில் மிச்சமாகும் தொகையை இதற்கு ஒதுக்குங்கள்.

விற்பனை மதிப்பையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் கைக்கும் கன்னத்துக்கும் செய்த துப்பாக்கியை வாங்க வருபவர் உறுப்புகளின் விலையைப் பேசுவாரே தவிர, கூலியைத் தரமாட்டார். எனவே பழைய குழலையும் பழைய ஸ்டாக்கையும் எறியாமல் வைத்திருங்கள். பிற்காலத்தில் துப்பாக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விற்க உதவும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். சில நாடுகளில் ஆக்ஷனின் உடல் மட்டுமே சட்டப்படி துப்பாக்கி; வேறு சிலவற்றில் குழலும் போல்ட்டும்கூட உரிமத்தில் பதிய வேண்டியவை. துப்பாக்கிகளின் பாதுகாப்புச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.-யின் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் புதுக் குழல் பொருத்திய துப்பாக்கியைச் சோதனைச்சாலையில் அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுச் சோதித்து முத்திரை பெற வேண்டும்; அந்தக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒலியடக்கி உங்கள் நாட்டில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாக இருந்து, பிற்காலத்தில் பொருத்தும் எண்ணமும் இருந்தால், வாய்முனை மரையை இப்போதே கடையச் சொல்லுங்கள். பின்னர் தனியாகக் கொண்டுபோனால் கூலி கூடும், காத்திருப்பும் கூடும்.

கம்மியரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: குழலின் தயாரிப்பாளர் பெயர், நீளம், முறுக்கு விகிதம் (குழலின் உள்வரிகள் எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பது), எந்தத் தோட்டாவால், ஒரே குறியில் சுடும் எத்தனை குண்டுகள் கொண்ட குழுவில், என்ன துல்லியத்துக்கு அவர் உறுதி தருகிறார் என்பது, அது கிடைக்காவிட்டால் யார் செலவில் சரிசெய்யப்படும் என்பது, முடித்துத் தரும் காலம். மூன்று குண்டுகள் கொண்ட ஒரே ஒரு குழுவைக் காட்டி உறுதி தருபவரைவிட, ஐந்து குண்டுகள் கொண்ட பல குழுக்களைச் சுட்டுக் காட்ட முன்வருபவரிடம் வேலையைக் கொடுங்கள். பல மாதங்கள் காத்திருக்க நேரலாம். ஆகவே வேட்டைப் பருவம் முடிந்த உடனே துப்பாக்கியை ஒப்படைத்தால், அடுத்த பருவத்துக்கு முன் அதில் பழகிக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கும்.