அடம், அச்சம், பட்டாசுச் சத்தம்: ஆக்கநிலையிறுத்தம் குறித்த கேள்வி பதில்

தருமபுரியில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உளவியல் கற்பித்தவள் என்ற முறையில், ஆக்கநிலையிறுத்தம், அதாவது தொடர்புகளாலும் பின்விளைவுகளாலும் நடத்தையைக் கற்கும் முறை, குறித்து வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

பென்னாகரம், பி.எட். மாணவி: எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றுதானே, அம்மா?

இல்லை. வலுவூட்டல் நடத்தையைக் கூட்டும், தண்டனை குறைக்கும். 'எதிர்மறை' என்பது, பிடிக்காத ஒன்று விலகுவதை மட்டுமே குறிக்கிறது. கணக்கு வகுப்பில் சத்தமிடும் மாணவனை வெளியே நிறுத்துகிறோம். கணக்கிலிருந்து தப்பித்ததே அவனுக்கு நிம்மதியென்றால், நாம் தண்டனையென்று எண்ணியது எதிர்மறை வலுவூட்டலாகி, மறுநாள் சத்தம் கூடும்.

காவேரிப்பட்டணம், ஒரு தாய்: நான்கு வயது மகன் செல்பேசி கேட்டு அழுகிறான். பத்து நாளாக மறுத்துவருகிறேன். அழுகை தாங்காமல் மாமியார் இரண்டு முறை கொடுத்துவிட்டார். இப்போது முன்பைவிட அதிகமாக அழுகிறான்.

வலுவூட்டல் நின்றவுடன் நடத்தை அடங்குவதற்கு முன் சில காலம் பொங்கி எழுவது உண்டு. அந்த உச்சத்தில் செல்பேசியைக் கொடுத்தால், உரக்க அழுதால்தான் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்து விரிவாக ஆராய்ந்து 1957-இல் வெளியிட்ட நூலும் இதற்குத் துணைநிற்கிறது: பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி பெற்றுப் பழகிய பறவையைவிட, எப்போதாவது பெற்றுப் பழகிய பறவையே தீனி நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருக்கும். ஆகவே இடையில் கொடுத்த அந்த இரண்டு முறைதான் அழுகைக்கு உரமிட்டது. மாமியாரைக் கடிந்துகொள்ள வேண்டாம்; கொடுத்ததும் அழுகை நின்றதல்லவா, அந்த அமைதி அவருடைய கொடுக்கும் செயலை வலுவூட்டியிருக்கிறது. இருவரும் பேசி ஒரே முடிவில் நில்லுங்கள். மகன் அழாமல் கேட்கும் வேளையில் உடனே அவனோடு விளையாடுங்கள். அடங்கிய அழுகை சில நாள் கழித்து ஒருமுறை தலைகாட்டினாலும் தளர வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை, கேழ்வரகு விவசாயி: முன்பெல்லாம் பட்டாசுக்கு ஓடிய யானைகள் இப்போது நின்று தின்கின்றனவே?

இதைப் பழகிப்போதல் என்போம். இது ஆக்கநிலையிறுத்தத்தினும் எளிய கற்றல். பின்விளைவில்லாத தூண்டல் திரும்பத்திரும்ப வரும்போது துலங்கல், அதாவது அதற்கான எதிர்வினை, தேய்கிறது. சத்தத்தைப் பொருட்படுத்தாமல் நின்ற யானைக்குக் கதிரும் கிடைப்பதால், நிற்பது வலுவூட்டப்படுகிறது. பழகிய யானையை நெருங்கி விரட்டுவது உயிருக்கு ஆபத்து. வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

அரூர், ஒரு தந்தை: நாய் கடித்ததிலிருந்து மகள் தெருவில் இறங்க மறுக்கிறாள்.

உளவியலாளர்கள் வாட்சனும் ரேய்னரும் 1920-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதும் நிறையாத ஆல்பர்ட் என்ற குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, எலியைக் கண்டாலே அவனை அழவைத்தார்கள். அந்த அச்சத்தை நீக்காமலேயே விட்டும்விட்டார்கள். கற்பித்த காலம் முழுவதும் என்னை வருத்திய பாடம் அது. ஆனால் 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து, அவனே அதைத் தொட்டு விளையாடும்படி செய்தார். மகளுக்குப் பிடித்த தின்பண்டத்துடன், கட்டிவைத்த சாதுவான நாய் தொலைவில் தெரியும் இடத்தில் அவளோடு அமருங்கள். அவள் இயல்பாக உண்ணும்வரை அதே தொலைவில் இருங்கள். உண்பதை நிறுத்தினால், நெருங்கியது அதிகம் என்று பொருள், பின்வாங்குங்கள்.