வாலிபர் கேள்வி பதில்: குரூப்ல அசிங்க ஜோக் வந்தா?

கேள்வி: அக்கா, நான் மலேசியா பட்டர்வொர்த்ல படிவம் 4 படிக்கிறேன். ஞாயிறு சர்ச்ல நல்ல பையன், திங்கக்கிழமை கிளாஸ் வாட்ஸ்அப்ல அசிங்க ஜோக் வந்தா நானும் சிரிக்கிற எமோஜி போட்டுடறேன். பரிசுத்தமா இருக்கணும்னா குரூப்ப விட்டே போயிடணுமா?

பதில்: போக வேணாம் தம்பி. பைபிள்ல வர்ற தானியேலும் பாபிலோன் அரண்மனையிலதான் இருந்தாரு, தீட்டாயிடும்னு ராஜா சாப்பாடு மட்டும் வேணாம்னு முதல்லயே மனசுல முடிவு பண்ணிட்டு, 10 நாள் மரக்கறியும் தண்ணியும் குடுத்துப் பாருங்கன்னு மரியாதையா கேட்டாரு, அந்த 'முதல்லயே'தான் விஷயம், போன் டிங்னு அடிச்சப்புறம் யோசிச்சா கட்டைவிரல் தானா எமோஜிக்குப் போயிடும் (எனக்கும் போயிருக்கு லா). மியூட் போடு. யாராவது ஒரு பொண்ணப் பத்தி எழுதினா மட்டும் 'டேய் வேணாம்டா'ன்னு தட்டிவிடு, சாமியார்னு கிண்டல் பண்ணுவானுங்க, பண்ணட்டும், ரெசஸ்ல அவனுங்களோடவே உக்காந்து மீ கோரெங் சாப்பிடு.