பழைய கிட்டுக்கு விலை ஏறும்வரை நகை அடகிலேயே இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் உதவியாளர். சம்பளம் 32,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு கல்லூரி தன் லேபைக் காலி செய்தபோது, பழைய 8085 மைக்ரோபிராசசர் டிரெய்னர் கிட்களையும் (மாணவர்கள் புரோகிராம் போட்டுப் பழகும் போர்டு) கம்ப்யூட்டர் டெர்மினல்களையும் 90,000 ரூபாய்க்கு மொத்தமாக எடுத்தேன். மனைவியின் 5 பவுன் நகையை வைத்து 1.2 லட்சம் கடன் வாங்கினேன். போன வருஷம் புதுப்பிக்கும்போது டாப்-அப் செய்து 1.8 லட்சமாக்கினார்கள். அதில் வட்டி போக இன்னொரு லாட்டை 40,000-க்கு வாங்கினேன். லாரி, ஏற்றுகூலி 12,000. பக்கத்து வீட்டு கார் ஷெட்டில் மாதம் 2,000 வாடகைக்கு எல்லாம் இருக்கிறது. இதுவரை 11 கிட் 19,000-க்கும், ஒரு டெர்மினல் 9,000-க்கும் விற்றிருக்கிறேன். இன்னும் 52 கிட், 8 டெர்மினல் (3 மட்டும் கீபோர்டுடன் வேலை செய்கின்றன), இன்டெல் கம்பெனியே போட்ட எஸ்.டி.கே-85 போர்டு ஒன்று இருக்கின்றன. ஆன்லைனில் கிட் 15,000, டெர்மினல் 60,000 என்று போட்டிருப்பதைப் பார்த்தால் என் சரக்கு 12 லட்சத்துக்கு மேல் போகும். அடுத்த மாதம் கடன் புதுப்பிக்க வேண்டும். 3 லட்சம் வரை தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு பாலிடெக்னிக்கில் இன்னொரு லாட் வருகிறது, பாதிப் பங்கு போடுகிறேன் என்கிறார் மச்சினன். எடுக்கலாமா? எதை எவ்வளவு என்று மதிப்புப் போடுவது? மகன் பெயரில் ஆர்.டி. மாதம் 4,000 கட்டுகிறேன், 14 மாதம் முடிந்திருக்கிறது.

பதில்: மூன்றாவது லாட் வேண்டாம். டாப்-அப்பும் வேண்டாம்.

8085-ஐப் பற்றியோ நகைக்கடனைப் பற்றியோ உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடிதத்தில் என்னை உறுத்தியது பழைய கிட் வாங்கும் ஆசை அல்ல. ஒவ்வொரு வருஷமும் நகைக்கடனைப் புதுப்பிக்கும்போது, தங்கம் ஏறிய அளவுக்குக் கூடுதலாக வாங்கி, அதிலேயே பழைய வட்டியைக் கட்டி, மிச்சத்தில் மறுபடி சரக்கு எடுக்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான். கையிலிருந்து பணம் போகாததால் வட்டி கட்டியதாகவே உங்களுக்குத் தோன்றவில்லை. எழுதிய செலவுக் கணக்கில் வட்டிக்கு ஒரு வரிகூட இல்லை.

நான் போட்டுப் பார்க்கிறேன், தோராயமாக. வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் 14,400, இரண்டாம் வருஷம் 21,600, ஆக 36,000. ஷெட் வாடகை இரண்டு வருஷத்துக்கு 48,000. சரக்கு 1,30,000, லாரிக்கூலி 12,000. எல்லாம் சேர்த்து 2,26,000. விற்று வந்தது 28,000. ஆக, ஷெட்டுக்குள் முடங்கியிருப்பது கிட்டத்தட்ட 2 லட்சம்.

இதைவிட மோசமானது வேகம். இரண்டு வருஷத்தில் 11 கிட் போயிருக்கிறது. இதே வேகத்தில் மீதி 52 போக ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். ஷெட்டும் வட்டியும் சேர்ந்து மாதம் 3,800 தின்கின்றன. விற்பனையில் வருவது மாதத்துக்குச் சராசரியாக 1,200-கூட இல்லை. விலை ஏறும் என்று காத்திருப்பதற்கே மாதம் 2,600 ரூபாய் செலவழிக்கிறீர்கள்.

சரி, மதிப்புக்கு வருவோம். நீங்கள் பார்த்த 15,000-மும் 60,000-மும் விற்பவர் கேட்கும் விலை. அந்த விளம்பரம் எத்தனை மாதமாக அங்கேயே கிடக்கிறது என்று பாருங்கள். இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு. அதில் வருவதுதான் விலை. உள்ளூர் விளம்பரத் தளங்களில் அதுவும் தெரியாது. ஆனால் உங்கள் கையிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது: 11 கிட், 19,000 ரூபாய். ஒன்று சுமார் 1,700. உங்கள் சரக்குக்கு உண்மையான சந்தை விலை அதுதான்.

ஏன் ஏறவில்லை? மச்சினன் உங்களுக்கு எந்தச் செய்தியைக் காட்டியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. ஆப்பிள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள்-1 ஒன்று 2014-ல் 9 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. அது 1976-ல் கையால் செய்யப்பட்டது, மொத்தமே 200 வாக்கில். 8085 சிப்பும் 1976-ல் வந்ததுதான். ஆனால் நம்மூர் 8085 கிட் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஒன்று விடாமல் பத்து, இருபது என்று வாங்கிப் போட்ட பொருள். இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், சில ஆயிரம் ரூபாய்க்கு. கல்லூரிகள் லேபைக் காலி செய்யச் செய்யப் பழையது இன்னும் வந்து குவியும். அடுத்த லாட் உங்கள் மச்சினனுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதே இது அரிய பொருள் இல்லை என்பதற்கு அத்தாட்சி. பழசுக்கும் அரிதுக்கும் சம்பந்தமில்லை.

அந்தக் குவியலில் உண்மையிலேயே அரியது ஒன்றுதான்: எஸ்.டி.கே-85. சிப் செய்த கம்பெனியே 70-களின் கடைசியில் வெளியிட்ட போர்டு என்பதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். தட்டையானது, எடை குறைவு, பாதுகாப்பாகக் கட்டி அனுப்பலாம். மேனுவல் இருந்தால் கூடவே வையுங்கள், ஒரிஜினல் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளை செராமிக் சிப் எதிலாவது இருந்தால் கழற்றித் தனியாக விற்க நினைக்காதீர்கள். முழுசாக இருப்பதற்குத்தான் விலை. 'பெங்களூரில் ஒரு பார்ட்டியிடம் காட்டிவிட்டு வருகிறேன்' என்று யார் கேட்டாலும் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். மச்சினன் கேட்டாலும்தான்.

மற்ற கிட்களை உங்களைவிட யார் நன்றாகச் சோதிக்க முடியும்? முதலில் பின்பக்கம் திருப்பி, ராம் (RAM) மெமரிக்கு பேக்-அப் கொடுக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பாருங்கள். பச்சையாகப் பூத்து, கசிவு டிராக்கை அரித்திருந்தால் அது உதிரிபாகக் கணக்கு. மற்றதற்கெல்லாம் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். நானும் ஒரு காலத்தில் அந்த ஹெக்ஸ் கீபேடில் விரல் தேய்த்தவன் என்பதால் சொல்கிறேன்: மெமரியில் 4100 என்ற முகவரியில் தொடங்கி 06 03 78 80 32 00 42 76 என்று அடித்து, ஓடவிட்டு, 4200-ல் 06 வருவதைக் காட்டினால் போதும். மூன்றையும் மூன்றையும் கூட்டுவதைப் பார்த்துவிட்டு வாங்குபவர் 'வேலை செய்யுமா?' என்று கேட்கப் போவதில்லை. மங்கலாக ஒரு போட்டோ போட்டு 'ரேர், வின்டேஜ்' என்று எழுதுவதைவிட இது விற்றுத்தரும்.

டெர்மினல் விஷயத்தில் உங்கள் கணக்கு இன்னும் அதிகமாகப் பிசகுகிறது. வி.டி.100 (1978) போன்ற டெர்மினல்களை அமெரிக்காவில் ஆசையாக வாங்குகிறார்கள், உண்மை. ஆனால் அங்கே அனுப்ப வேண்டுமே? ஏர் கூரியரில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 55, 50, 50 பெட்டி என்றால் 27.5 கிலோ. உள்ளே இருப்பது 14 கிலோவாக இருந்தாலும் 27.5 கிலோவுக்குத்தான் காசு. போதாததற்கு, பிக்சர் டியூப் வழியில் உடைந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஆகவே உள்ளூர் விலைதான் உங்கள் விலை. கீபோர்டு இல்லாத ஐந்தும் பெரும்பாலும் பாகங்களுக்குத்தான் போகும். உதாரணத்துக்கு, வி.டி.220 டெர்மினல் எல்.கே.201 வகைக் கீபோர்டைத்தான் ஏற்கும், கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் கீபோர்டைச் செருக முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

என் மதிப்பீடு இது. 52 கிட்டையும் மூன்று, நான்கு பேருக்கு மொத்தமாகத் தள்ளினால் பாதி விலை, அதாவது ஒன்றுக்கு 850 என்று 44,000. வேலை செய்யும் மூன்று டெர்மினல் 9,000 வீதம் 27,000. மற்ற ஐந்து 1,500 வீதம் 7,500. மொத்தம் 80,000-ஐ ஒட்டி. எஸ்.டி.கே-85-இல் வருவது தனி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 12 லட்சம் என்று நினைத்த மனசுக்கு 80,000 கசக்கும். ஆனால் ஷெட் சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அந்த 3,800-ல் பாதிக்கு மேல் நின்றுவிடும்.

யாரிடம் தள்ளுவது? இன்னும் 8085 லேப் நடத்தும் கல்லூரிகளுக்குச் சர்வீஸ் செய்பவர்கள் 8255, 8279 சிப்புக்காகவே வாங்குவார்கள். சென்னை ரிச்சி தெருவில் விசாரியுங்கள், உங்கள் லேபுக்கு வரும் சர்வீஸ் ஆளிடமும் கேளுங்கள். யாரும் சீண்டாததைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, காயலான் கடையில் உடைக்க விடாதீர்கள்.

இப்போது கடன். 12 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு, சுமார் 7 சதவீதத்துக்கு ஆர்.டி. கட்டுவதில் அர்த்தமில்லை. மகன் பெயரில் என்பதால் மனசு வராது, தெரியும். ஆனாலும் முறித்துவிடுங்கள். 56,000-மும் கொஞ்சம் வட்டியும் வரும். 21,600 வட்டியைக் கட்டிவிட்டு மீதி 34,400-ஐ அசலில் கழித்தால் 1,45,600. சரக்கு விற்ற 80,000-ஐயும் போட்டால் 65,600. அதற்குப் பிறகு ஆர்.டி.க்குப் போன 4,000-மும் ஷெட்டுக்குப் போன 2,000-மும் சேர்த்து மாதம் 6,000 கட்டினால் ஒரு வருஷத்தில் நகை வீட்டுக்கு வரும். அப்புறம் மகனுக்கு மாதம் 6,000-மாகவே ஆர்.டி. போடுங்கள்.

கடன் கொடுக்கும் இடத்தில் 'சார், இன்னும் 1.2 லட்சம் எலிஜிபிள்' என்பார்கள். அது உங்களுக்கு வந்த வருமானம் அல்ல, அவர்களுக்கு வரவேண்டிய வட்டி. 'வட்டி கட்டுகிறேன், அசலில் இவ்வளவு குறைத்துக்கொள்ளுங்கள், டாப்-அப் வேண்டாம்' என்று சொல்லி ரசீதில் அசல் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். புது நிதிப் பத்திரம், காப்பீடு, டிஜிட்டல் தங்கம் என்று மேசையில் எதை நீட்டினாலும் அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மச்சினனிடம் வாய்த்தகராறு வேண்டாம். பாதிப் பங்கு போடுகிறேன் என்கிறாரே, அந்தப் பங்கை முதலில் ரொக்கமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடகில் இருப்பது அவருடைய அக்காவின் நகை, இரண்டு வருஷமாக வட்டி கட்டுவது அவருடைய மாமா. அவர் இதுவரை போட்டது யோசனை மட்டும். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் உங்கள் 52 கிட்டையும் அவரே முதல் ஆளாக ஒன்று 1,700 வீதம் எடுத்துக்கொள்ளட்டும், 850-க்கு வெளியாளிடம் தள்ள வேண்டிய அவசியமே இல்லை.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பதற்காகவே லாட் லாட்டாக வாங்கியதால் இது வீட்டுப் பொருளை விற்ற கணக்கில் வராது, வியாபாரக் கணக்கில்தான் வரும். நஷ்டம்தான் என்றாலும் வாங்கிய ரசீது, வாடகை கொடுத்த விவரம், விற்ற தொகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, ரிட்டர்ன் போடுபவரிடம் காட்டிவிடுங்கள்.