மணியை அனுப்பிவிடத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 67. கணவர் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. கருமாதி முடிந்த சில நாளில், மழைக்கு ஒதுங்கி எங்கள் திண்ணையில் வந்து படுத்தது ஒரு நாய்க்குட்டி. மணி என்று பெயர் வைத்தேன். அது வந்த பிறகுதான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கடவுளே அனுப்பிவைத்த துணை என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. பாதம் மதமதவென்று இருக்கிறது. சாயங்காலம் மணி காலடியில் படுத்துப் பாதத்தை நக்கிக்கொண்டிருக்கும். பெங்களூரில் இருக்கும் மகன், “நோய் வரும், யாருக்காவது கொடுத்துவிடு” என்கிறான். கொடுக்கத்தான் வேண்டுமா டாக்டர்?

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் பாதம் நக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மணியைக் கடவுள் அனுப்பினாரா என்பது என் படிப்புக்குள் வராத விஷயம். நாயை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று நின்ற தருமரின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். உங்களோடு வழக்காட மாட்டேன். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் வேலை செய்கிற அதே ஹார்மோன். 1980இல் அமெரிக்காவில் இதய நோயாளிகள் 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். சின்ன ஆய்வுதான், நாய் வளர்த்தால் ஆயுசு கூடும் என்று இதை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் விஷயத்தில் அதெல்லாம் தேவையும் இல்லை. மணிக்குச் சோறு வைக்க எழுந்திருக்கிறீர்கள், கூடவே நீங்களும் சாப்பிடுகிறீர்கள். சர்க்கரைக்காரருக்கு நேரத்துச் சாப்பாடு பாதி மருந்து.

இனி பாதம். மதமதப்பு என்றால் நரம்பு உணர்வை இழந்துகொண்டிருக்கிறது. முள் குத்தினாலும் தெரியாது, பித்தவெடிப்பில் ரத்தம் கசிந்தாலும் தெரியாது. நாயின் வாயில் இயல்பாகவே இருக்கும் சில கிருமிகள் அந்த வெடிப்பு வழியாக உள்ளே போனால், சர்க்கரை உள்ள உடம்பில் வேகமாகப் பரவும். தூக்கத்தில் மரத்துப்போன கால்விரலை வளர்ப்பு நாயே கடித்து, மறுநாள் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, மணிக்கு அது பாசம், உங்கள் காலுக்கு அது புரியாது. நாய் நக்கினால் புண் ஆறும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. ஊசி போடாத நாய் புண்ணில், வெடிப்பில் நக்கினால் கடித்ததற்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்வோம். அப்படி நடந்திருந்தால் நாளைக்கே அரசு மருத்துவமனையில் காட்டி, உங்களுக்கு ஊசி தேவையா என்று கேளுங்கள். மணிக்குக் கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டு, வருடா வருடம் தொடர வேண்டும். பூச்சி மருந்தும் அங்கேயே கொடுப்பார்கள். நகம் பட்டுக் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்.

சாயங்காலம் மணி பக்கத்தில் வரும்போது காலில் சாக்ஸ் இருக்கட்டும். நக்க வந்தால் திட்டாமல் காலை இழுத்துக்கொண்டு, கையால் தலையைத் தடவிக் கொடுங்கள். சில வாரத்தில் பழகிவிடும். இரவு அது கூடத்தில் படுக்கட்டும், நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நடுராத்திரி எழுந்து போகையில் அதன் மேல் தடுக்கி விழாமல் இருக்கச் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். படுக்கப் போகும் முன் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்கால் இரண்டையும் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், நீர்க்கசிவு எது இருந்தாலும் மறுநாள் வரை ஆறப்போடாதீர்கள்.

மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மணியை அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரமே அவர் ஊருக்கு வர வேண்டும். கால்நடை மருத்துவமனையில் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படும்.